துரை பங்களாவிலிருந்து வந்த ஸ்பீக்கர்கள்

தோட்டத்தின் கடைசி வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பியபோது, கப்பலில் ஏற்ற விரும்பாத சாமான்களையெல்லாம் பங்களாவின் கார் கொட்டகையில் பரப்பி விற்றார்கள். மற்றவர்கள் இரும்புக் கட்டில், பிரம்பு நாற்காலி, மேசை விளக்கு என்று எடுத்துப் போனார்கள். என் அண்ணன் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஆலை லயத்துக்குக் கொண்டு வந்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“என்னாடா இது, கோழிக் கூண்டா?”

“ஸ்பீக்கர்மா.”

“ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு?”

“காது ரெண்டு இருக்குல்ல.”

முன்னறையில் வேறு எதுவும் வைக்க முடியாதபடி அவை இடத்தைப் பிடித்துக்கொண்டன. சாமிப் படம் சமையலறைக்குப் போனது. பக்கத்து டவுன் பத்தாங் பெர்ஜுந்தாயில் வாங்கிய ஒரு கேசட் பிளேயரையும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரையும் அவற்றோடு இணைத்து அண்ணன் முதல் பாட்டைப் போட்ட அன்று, லயத்தில் யாருமே வீட்டுக்குள் போகவில்லை. எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லோருக்கும் வாசம் வரும், ஒரு வீட்டில் பாட்டு போட்டால் எல்லோரும் கேட்டாக வேண்டும். ஸ்பீக்கர் விஷயத்தில் யாரும் குறை சொல்லவில்லை. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாகச் சொன்னார்.

அண்ணன் பாட்டு கேட்கும் விதம் தனி. இரண்டு பெட்டிகளுக்கும் சரிநடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, “தபேலாக்காரர் இடது பக்கம் உக்காந்திருக்காரு, அவர் விரல்ல மோதிரம் போட்டிருக்காரு, கேளு” என்றார். நானும் உட்கார்ந்து கேட்டேன். தோலில் விரல் விழும்போது கூடவே மெல்லிய ஓர் உலோகச் சத்தம் வந்தது. அது அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையின் இன்ஜின் ரூமில் இருந்தவர். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். அண்ணன் இடைநிலைப் பள்ளியை நிறுத்திவிட்டு அப்பாவின் இடத்தில் போய் நின்றார். வீடு எங்களுக்கே இருந்தது. நான் படித்தேன், பிறகு தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் மின்னணுவியல் படித்தேன், ஷா ஆலாமில் ரேடியோ தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். வார இறுதியில் பஸ் மாறி மாறி வீட்டுக்கு வருவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தபோதுதான் அண்ணன் சொன்னார்: “தங்கச்சி, ஸ்பீக்கர் செத்துக்கிட்டு வருது. போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு. நீதான் படிச்சிருக்கியே, பாரு.”

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், பிறகு கேசட், பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு வயர், கடைசியில்தான் ஸ்பீக்கர். எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்து விலக்கிவிட வேண்டும். லயத்துக்கு மின்சாரம் ஆலையின் இன்ஜின் ரூமிலிருந்துதான் வந்தது, சில நேரம் அழுத்தம் ஏறி இறங்கும். அதைச் சொன்னதும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் இன்ஜின் கரண்டு ஆடாதுலா. வேற காரணம் பாரு.”

அன்று மின்சாரம் ஆடவில்லை. கேசட் நன்றாக இருந்தது. பிளேயரின் தலையைச் சுத்தம் செய்தேன். ஆம்ப்ளிஃபையரிலும் வயரிலும் குறை தெரியவில்லை. பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றியபோது உண்மையாகவே பழுது இருந்தது. கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் கீழே இருக்கும் பெரிய வூஃபரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் கரைந்து தார் மாதிரி ஒட்டியது. ஒரு பெட்டிக்குள் பல்லி முட்டைகள். அடிப்பலகையின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை மேலே இருக்கும் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் பலகையில் கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருந்தன. இவ்வளவும் இருந்தால் ஒலி மங்கத்தான் செய்யும். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. காரணம் தெரிந்த பழுது எனக்குப் பிடிக்கும்.

கெப்பாசிட்டர்கள் கோலாலம்பூரில் பாசார் ரோட்டில் கிடைத்தன. நுரை வளையம் கிடைக்கவில்லை. கடைக்காரச் சீனர் என் கையிலிருந்த கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி பாராங் லாமா, மோய். புவாங் சாஜா” என்றார். பழைய சாமான், பேசாமல் தூக்கிப் போட்டுவிடு என்று மலாயில் சொல்கிறார். நான் அதைத் திரும்ப நாளிதழில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வளையத்தை நானே செய்தேன். மெல்லிய பழைய வேட்டித் துணியை வட்டமாக வெட்டி, ஒரு தட்டின் விளிம்பில் வளைத்து, அதன்மேல் ரப்பர் பாலை மெல்லிய தூரிகையால் பூசிக் காயவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் கூம்பு அசையாது, மெலிதாகப் பூசினால் காற்று புகும். எங்கள் தோட்டத்தில் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டாலும் ஆற்றோரத்தில் ஒரு டிவிஷன் ரப்பர் மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அங்கே பால்வெட்டுக்குப் போகிறவர். உறையாமலிருக்க அமோனியா கலந்த பாலை ஒரு பால்மாவு டின்னில் கொண்டு வந்து கொடுத்தார்.

“எங்கம்மா பால் வெட்டுனாங்க, நான் பால் வெட்டறேன். நீயாவது தப்பிச்சேன்னு நெனச்சேன். நீயும் பால் டின்னத் தூக்கிட்டியேடி!”

“ஸ்பீக்கருக்குக்கா.”

“அதுக்கு இனிமே பாலு வேற ஊத்தணுமா? பொங்கலுக்குப் பொட்டும் வச்சு விடு.”

வீடு முழுவதும் அமோனியா நாற்றம். அம்மா இரண்டு நாள் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பல வார இறுதிகள் போயின. கரையான் தின்ற மூலைக்கு ஆலைத் தச்சர் ஒரு துண்டுப் பலகை வைத்துக் கொடுத்தார். ஒட்டி, காயவைத்து, பிரித்து, மறுபடி ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்பலகையை மூடினேன்.

பாட்டு தொடங்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றாக வந்திருந்தது. தபேலா இடது பக்கம் இருந்தது, மோதிரம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, “பாலு வேலை செஞ்சிருச்சுடி!” என்று கத்தினார். அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார். நான் முக்காலியில் இருந்த அண்ணனைப் பார்த்தேன்.

அவர் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தார். “கீழ நல்லா வருது,” என்றார். “மேலதான் இன்னும் மூடியிருக்கு. அந்த மோதிரத்தக் காணோம்.”

எனக்கு என் வேலைமீது சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் கெப்பாசிட்டர்களை மறுபடியும் மாற்றினேன். அதற்கடுத்த வாரம் ட்வீட்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு மாதம் கழித்து பாசார் ரோட்டில் புதிய ட்வீட்டர்களே வாங்கிப் பொருத்தினேன். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒலி தெளிவாக இருந்தது, ஒவ்வொரு முறையும் அண்ணன் இல்லையென்று தலையாட்டினார். பொறுமையான மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. “பரவால்லலா, பழைய சாமான்தானே” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் ஷா ஆலாமுக்குப் போனதும் ஆம்ப்ளிஃபையரில் உயர்ந்த ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்துக் கேட்பார். அது பல்லைக் கூசவைக்கிறது என்று அம்மா புறவாசலுக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அக்கா சுவரைத் தட்டத் தொடங்கினார்.

கடைசியில் தொழிற்சாலையில் என் பிரிவுத் தலைவரிடம் கேட்டு ஒரு சிக்னல் ஜெனரேட்டரையும் அளவுமானியையும் வார இறுதிக்கு எடுத்து வந்தேன். ஒரே சீரான ஒலியைத் தாழ்விலிருந்து மேலே மெதுவாக ஏற்றிக்கொண்டே போகலாம். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தொய்கிறதோ அந்த இடத்தில் மானியின் முள் விழுந்துவிடும். அபிப்பிராயத்துக்கு இடமில்லாத சோதனை.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். கீழிருந்து தொடங்கினேன். பெட்டி அதிர்ந்தது, ஜன்னல் கொக்கி ஆடியது, அவர் தலையசைத்தார். ஏற்றினேன். மாடு கத்துவது போல, பிறகு சங்கு போல, பிறகு விசில் போல. முள் ஒரே இடத்தில் நின்றது. இன்னும் ஏற்றினேன். சமையலறையில் அம்மா ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டார்.

“அத நிறுத்துடி, மண்டையில ஆணி அடிக்குது!”

சுவருக்கு மேலிருந்து அக்காவின் புருஷன் குரல்: “என்னா, லயத்துக்குள்ள ரயில் வந்திருச்சா?”

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அண்ணன் முழங்காலில் கையை ஊன்றியபடி என்னைப் பார்த்தார்.

“ஏன் நிறுத்திட்ட?”

நான் நிறுத்தவில்லை. மானியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் குனிந்து மானியைப் பார்த்தார். நாள் முழுக்க அழுத்தமானிகளைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு முள் என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் உயரத்தில் நின்றது. சமையலறையில் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார்.

“மெசின் ஏதும் கெட்டுப்போச்சா?”

“இல்லண்ணே.”

ஜெனரேட்டரை அணைத்தேன். அது அணைந்ததும் அவருக்குத் தெரியவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போனார்.

இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று மற்ற இடத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் லயத்தில் தெரியாது. ஆலை லயத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஆலைக்குள் கத்திப் பேசிப் பழகி, வீட்டிலும் அதே குரல், அதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கும் அதே குரல். ஆலை லயத்துக்காரன் ரகசியம் பேசினால் கோலா சிலாங்கூர் மீன் மார்க்கெட்டில் கேட்கும் என்று ரப்பர் வெட்டுக்காட்டு லயத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். தொழிற்சாலை விடுதியில் நான் பேசும்போது கூட இருக்கும் பெண்கள் கையைக் காட்டித் தணிக்கச் சொல்வார்கள். ஒருவருக்குக் காது குறைகிறது என்றால், சுற்றியிருப்பவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருப்பதை வைத்துத்தானே கண்டுபிடிப்பார்கள்? நாங்கள் ஏற்கெனவே உயர்த்தி வைத்திருந்தோம். மின்சாரம், கேசட், ஆம்ப்ளிஃபையர், வயர், ஸ்பீக்கர் என்ற என் வரிசையில் கேட்கிற ஆள் இல்லை.

தோட்ட மருந்தகத்தின் டிரஸ்ஸர் காதில் குரும்பி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். அண்ணன் அதை நம்பினார். ஒரு வாரம் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றிக்கொண்டார். பிறகு நான் அவரைக் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். வெளியே நர்ஸின் கையிலிருந்த கருவியை நான் பார்த்தேன். நான் தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்ததற்கு அது தங்கச்சி மாதிரி. ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கு அண்ணனின் கட்டைவிரல் உடனுக்குடன் அழுத்தியது. பிறகு நெடுநேரம் அழுத்தவில்லை. ஏதோ குழப்பம் என்று நினைத்து நர்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் காட்டிய வரைபடத்தை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இடமிருந்து வலமாக ஒலி உயர்கிறது, கோடு நேராகப் போய், நடுவைத் தாண்டியதும் பள்ளத்தில் விழுகிறது. ட்வீட்டர் எரிந்துபோன ஸ்பீக்கருக்கு நான் வேலையிடத்தில் வரைவதும் இதே கோடுதான். இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி. எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று கேட்கும் பழக்கத்தில், “டாக்டர், இதுக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். அவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது. கருவி மாட்டினால் சத்தம் கூடும், தெளிவு வராது. சத்தத்தை விட்டு வெளியே வந்தால் இருப்பது நிற்கும். அதே இடத்தில் இருந்தால் பேச்சும் போய்விடும்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரவாங் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் என்னா சொன்னாரு, முழுசாச் சொல்லு.”

சொன்னேன். பஸ் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வெளிய வேலைக்குப் போனா வீடு?”

அதைக் கேட்கத்தான் மறுவாரம் தோட்ட ஆபீஸுக்குப் போனேன். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். உட்காரச் சொன்னார். அண்ணனைச் செம்பனைக் காட்டு வேலைக்கு மாற்றலாம் என்றார், அதில் தடை இல்லை. ஆனால் அந்த வீடு இன்ஜின் ரூம் ஆளுக்கு உரியது, புதிய ஆள் வந்ததும் விட வேண்டும். காட்டு லயத்தில் வீடு காலியில்லை, பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

“ஒனக்குத் தெரியாததாம்மா? ஆளுங்க செத்தாதான் காலியாகும்.”

ஷா ஆலாமில் நான் இருந்தது தொழிற்சாலை விடுதியாக எடுத்திருந்த ஒரு வீட்டின் ஓர் அறை, அதில் என்னோடு சேர்த்து நான்கு பெண்கள். பத்தாங் பெர்ஜுந்தாயில் வாடகைக்கு வீடு பார்த்தேன். கிடைத்தது. அண்ணன் படிப்பை விட்டுக் காப்பாற்றிய வீட்டை விட்டு வர அம்மா மறுத்தார், அண்ணனும் மறுத்தார். நான் காதைப் பற்றிப் பேசினேன், அவர்கள் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆலையில் காதடைப்பான் கொடுத்தார்கள். அண்ணன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

“அதப் போட்டா இன்ஜின் என்னா சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?”

“இப்ப மட்டும் தெரியுதாண்ணே?”

நான் கொடூரமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் உள்ளங்கையைக் காட்டினார். “கைய வச்சுப் பாத்துக்குவேன்.”

அதன் பிறகும் ஸ்பீக்கர்கள் முன்னறையிலேயே இருந்தன. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெபிளைக் கடைசிவரை திருப்பி, சத்தத்தையும் ஏற்றிக் கேட்டார். ஆம்ப்ளிஃபையரை அப்படி வதைத்தால் முதலில் ட்வீட்டர்கள்தான் எரியும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். “அது எரியட்டும், எனக்கு என்னா கேக்குதோ அதக் கேக்கறேன்” என்றார். அம்மா புறவாசலில், அக்கா சுவரைத் தட்டியபடி.

ஒரு ஞாயிறு, நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவில் வலது பக்கம் சுருக்கென்று ஒடுங்கியது. கொஞ்ச நேரத்தில் இடதும் ஒடுங்கியது. ட்வீட்டர்கள் எரிந்துவிட்டன. அதுவரை வீட்டைக் குத்திக்கொண்டிருந்த கூர்மை போய், குரல் துணிமூட்டைக்குள்ளிருந்து வருவது போல ஆனது. அண்ணன் முன்பு சொன்ன போர்வை இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுவது நின்றது. “அப்பாடா, நல்ல பிள்ளை” என்று அக்காவின் குரல். கைக்குழந்தையும் அழுகையை நிறுத்தியது.

நான் கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். அண்ணன் அதே இடத்தில், அதே மாதிரி, முழங்காலில் கையை ஊன்றி, தாளத்துக்கு லேசாகத் தலையசைத்தபடி இருந்தார். அவருக்கு எதுவும் மாறவில்லை.

சத்தம் குத்தாததால் அம்மா புறவாசலிலிருந்து உள்ளே வந்தார். சுவரில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்தார். பாட்டு நேரத்தில் அவர் அந்த அறையில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, அம்மாவே வந்து உக்காந்துட்டாங்க. இன்னிக்குத்தான் சரியா வச்சிருக்கேன் போல.”

“ஆமாண்ணே,” என்றேன். அவருக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

பாசார் ரோட்டில் அந்த ட்வீட்டர்கள் இன்னும் கிடைத்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடையைப் பார்ப்பேன், உள்ளே போகவில்லை. அடுத்த வருஷம் அண்ணனிடம் பேச நாங்கள் தோளைத் தொட்டுத் திருப்ப வேண்டியதாயிற்று. வேலையில் மாற்றமில்லை, வீட்டில் மாற்றமில்லை.